தப்பால்காரனை விசாரித்தவர்

அவர் என்னிடம் முதன்முதலாகப் பேசியதே ஒரு குற்றச்சாட்டு.

“தம்பி, மில்லுக் கணக்கை வீட்டுக்குக் கொண்டாந்து நகல் எடுத்து வெளிய குடுக்கதாச் சொல்லுறாகளே, நெசமா?”

ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்த வளவுக்கு நான் குடிவந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. பொது முற்றம், அதைச் சுற்றி நான்கு வீடுகள், மூலையில் ஒரு கிணறு. எனக்கு ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் வேலை. தினமும் பஸ்ஸில் போய் வருவேன். அவர் கேட்டதும் எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

“யாரு சொன்னா? அந்த ஆளைக் கூட்டிட்டு வாங்க. நான் எழுதுறது டைரி. பள்ளிக்கூட நாள்ல இருந்து எழுதுறேன்” என்று முற்றத்தில் நின்று சத்தம் போட்டேன்.

அவர் சிரித்தார். காதோரம் செருகியிருந்த பென்சிலை எடுத்து அதன் முனையைப் பார்த்துவிட்டு மறுபடி செருகிக்கொண்டார். “யாரும் சொல்லலை தம்பி. விளக்கு வச்சதும் உக்காந்து எழுதுறீகளே, என்னதுன்னு தெரியணும்போல இருந்துச்சு. நேராக் கேட்டா ‘சும்மா’ன்னு சொல்லியிருப்பீக.”

அதே வளவில் குடியிருந்த அவர், கோர்ட்டில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தார். வழக்குக்கு வருகிறவர்களை உட்காரவைத்து, நடந்ததை அவர்கள் வாயிலிருந்து வரவழைத்து, பிராதும் வாக்குமூலமும் எழுதுவது அவர் வேலை. அந்த வேலையில் அவர் கண்டுபிடித்து வைத்திருந்த ஒரே கருவி இந்தச் ‘சொல்லுறாகளே’. நீ கல்லெறிந்தாயா என்று கேட்டால் எவனும் வாயைத் திறக்கமாட்டான். நீதான் முதல் கல்லை எறிந்ததாகச் சொல்லுகிறார்களே என்று கேட்டால், “எந்தப் பய சொன்னான்? நான் தண்ணி பாய்ச்சிக்கிட்டு இருந்தேன், சத்தம் கேட்டுத்தான் ஓடியாந்தேன்” என்று நடந்ததெல்லாம் தானாக வந்து விழும்.

“கோபத்துல வர்றதுதான் தம்பி நெசம். யோசிச்சுச் சொல்றது எல்லாம் எங்க ஆபீஸ் சரக்கு” என்பார்.

அவருக்கு இது வேலையிடத்தோடு நிற்கவில்லை. வளவுக்குக் கத்தரிக்காய் கொண்டுவரும் அம்மாளிடம், “இது முந்தாநேத்துக் காயின்னு சொல்லுறாகளே?” என்பார். அவள் கூடையை இறக்கிவைத்து, எந்தத் தோட்டம், யார் பறித்தது, எந்த பஸ்ஸில் ஏற்றியது என்று முழுக்கதையும் சொல்லி முடிப்பாள். “ஏன்யா, ஒம்ம வாயில ஒரு நல்ல கேள்வியே வராதா?” என்று கடைசியில் கேட்பாள். அவர் மனைவியை நான் மதினி என்று அழைப்பேன். மதினிக்கு அதெல்லாம் பழகியிருந்தது. “கலியாணத்தன்னைக்கு என்கிட்ட என்ன கேட்டாக தெரியுமா? ‘என்னையப் பிடிக்காமத்தான் கட்டிக்கிட்டேன்னு சொல்லுறாகளே’ன்னு. அழுதுட்டேன்” என்று சிரித்துக்கொண்டே சொன்னாள்.

நான் பழகிய பின்புதான் அவர் நாவல் எழுதப்போகிற விஷயம் தெரிந்தது. எழுதப்போகிறார் என்றுதான் சொல்லவேண்டும். நான் அறிந்த காலத்தில் அவர் ஒரு வரியும் எழுதவில்லை.

ஒரு வரப்புத் தகராறில் எல்லை பார்க்கப் போனபோது அந்த நாவலுக்குக் காரணமான கல்லை அவர் பார்த்திருக்கிறார். மகாராஜபுரத்தைத் தாண்டி மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர். அதன் பெயரை நான் எழுதப்போவதில்லை. ஊருக்கு வெளியே ஒரு புங்கமரம். அதன் அடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல். ஓடுகிற நிலையில் ஒரு ஆள், கையில் ஈட்டி, ஈட்டியின் கழுத்தில் சலங்கை. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் காலத்துத் தப்பால்காரன். தபாலை அப்போது தப்பால் என்பார்களாம். கடிதப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, மிருகம் விலகுவதற்காகச் சலங்கையை ஒலித்தபடி காட்டு வழியில் ஓடுகிறவன். வெளியூருக்குப் பிழைக்கப் போகும் பிள்ளைகளின் தாய்மார் அந்த மரத்தில் ஒரு பித்தளை மணி வாங்கிக் கட்டுவார்கள். பட்டாளத்துக்குப் போன பிள்ளையானாலும் பம்பாய்க்குப் போன பிள்ளையானாலும் அவனிடமிருந்து தவறாமல் கடிதம் வரவேண்டும் என்பது வேண்டுதல். காற்று அடித்தால் மரம் முழுக்கச் சத்தம் கேட்கும்.

ஊரில் அந்த ஆளைப் பற்றித் தெரிந்தது இவ்வளவுதான். கம்பெனியை எதிர்த்து மலையில் பதுங்கியிருந்த சில பாளையத்து ஆட்களைக் கம்பெனிப் பட்டாளம் ஒரு நாள் சுற்றிவளைத்துப் பிடித்தது. தப்பால்காரனும் அதே நாட்களில் செத்துப்போனான். எப்படிச் செத்தான், யார் கொன்றது, அந்தப் பிடிபடலுக்கும் இவனுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா, ஒருவருக்கும் தெரியாது. தெரியவேண்டும் என்று யாரும் நினைத்ததும் இல்லை.

அவர் நினைத்தார். “அவனுக்கு மலைவழி தெரியும். பை கம்பெனியோடது, ஊரு அவனோடது. அவன் காட்டிக்குடுத்தானா, காப்பாத்தப்போய் செத்தானா? அது தெரியாம முதல் வரி எழுத முடியாது தம்பி.”

“நாவல்தானே அண்ணாச்சி. ஒண்ணை முடிவு பண்ணி எழுதுங்க.”

“பொய் எழுதத்தான் எனக்குச் சம்பளம் குடுக்காக. இதை நான் சும்மா எழுதுறேன். இதுல பொய் வரக்கூடாது.”

எண்பதுகளில் பல ஞாயிற்றுக்கிழமைகள் அவரோடு அந்தப் பக்கம் போயிருக்கிறேன். என் நாட்குறிப்புகளை எடுத்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். மழை, வெயில், பஸ் கிடைத்தது, கிடைக்காதது எல்லாம் அதில் இருக்கிறது. அவர் பேசியதும் பெரும்பாலும் அன்றன்றே குறித்ததுதான். கூமாப்பட்டியில் இறங்கி, பிளவக்கல் அணை வழியில் நடந்து, தோப்பிலும் களத்திலும் யார் கண்ணில் பட்டாலும் நிறுத்திக் கேட்பார். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் அவர் கேட்டது அப்படியே குறிப்பில் இருக்கிறது.

“பெரியவரே, மலையில இருந்தவுகளை அந்தத் தப்பால்காரர்தான் காட்டிக்குடுத்ததாச் சொல்லுறாகளே, நெசமா?”

“அப்படியா சொல்லுறாக?”

“ஆமா.”

பெரியவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டார். “இருக்கும். அவிய கம்பெனிச் சோறுதான தின்னாக.”

“அதுக்குக் கம்பெனிக்காரன் ஒரு வெள்ளி மணி பரிசாக் குடுத்தானாமே?”

“குடுக்காம இருப்பானா? அம்புட்டுப் பெரிய காரியமில்லா செஞ்சிருக்காரு.” பிறகு பெரியவர் குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார். “ஏன் தம்பி, அய்யா கோர்ட்டுல இருந்தா வந்திருக்காக?”

“கோர்ட்டு குமாஸ்தா” என்றேன். பெரியவர் பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டு நேராக நின்றார்.

திரும்பி நடக்கும்போது அண்ணாச்சி சொன்னார்: “இந்த ஆளு சாட்சிக்கு லாயக்கில்லை. வெள்ளி மணின்னு ஒண்ணு கிடையவே கிடையாது, நானாப் போட்டது. பொய்ச் சாட்சியைப் பிடிக்க ஊடால ஒரு பொய்யை வைப்போம். ஆமான்னு சொன்னா அந்த ஆளைத் தள்ளிரணும்.”

அப்படித்தான் ஒவ்வொருவராகத் தள்ளிக்கொண்டு போனார். கோர்ட்டில் எதிரே உட்காருகிறவனுக்கு நிலமோ மானமோ போகும், அதனால் கோபம் வரும், கோபத்தில் உண்மை வரும். எப்போதோ செத்த ஒரு தப்பால்காரனுக்காக ஆடு மேய்க்கிற பெரியவர் எதற்குக் கோபப்பட வேண்டும்? வெயிலில் நடந்து வந்த படித்த மனிதர் கேட்கிறார். இல்லை என்று சொல்லி அவர் முகத்தை வாடவைக்க யாருக்கும் மனம் வரவில்லை. எல்லோரும் ஆமாம் என்றார்கள்.

ஒரே ஒரு ஆள் கோபப்பட்டாள்.

தப்பால்காரனின் வழியில் வந்த குடும்பம் ஒன்று அந்த ஊரில் இருந்தது. சலங்கைக்காரர் வீடு என்று பெயர். அந்த வீட்டில் மாரியம்மாள் என்ற விதவையும் அவள் மகள் செல்வியும் இருந்தார்கள். செல்விக்கு அப்போது ஏழெட்டு வயதிருக்கும். வெள்ளிக்கிழமை தவறாமல் கல்லுக்கு எண்ணெய் தேய்ப்பது அவர்கள் வீட்டு முறை. நாங்கள் போனபோது மாரியம்மாள் மோர் கொடுத்தாள். அவர் செம்பைக் கையில் வாங்கிக்கொண்டு தன் கேள்வியைக் கேட்டார்.

அவள் முகம் மாறியது. செம்பை அவர் கையிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டாள்.

“எவ சொன்னா? எங்க பாட்டனா? பையைப் போட்டுட்டு மலைக்கு மேல ஓடுனவுகளை வெட்டிப் போட்டாக. சலங்கைச் சத்தம் நின்னுபோச்சுன்னுதான் ஊருக்கே தெரிஞ்சுச்சு. எங்க மாமியா சொல்லுவாக, அவுக மாமியா சொல்லுவாகளாம். படிச்சவுக கேக்குற கேள்வியாய்யா இது? எந்திரிங்க.”

வாசலைத் தாண்டும்போது, “ஏட்டி செல்வி, அவுக உக்காந்த இடத்துல தண்ணி தெளி” என்று அவள் சொன்னது எங்கள் காதில் விழுந்தது.

மரத்தடிக்கு வந்ததும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. “காட்டிக்குடுக்கலை தம்பி. எச்சரிக்கப் போயிருக்கான். அந்தம்மா கண்ணைப் பாத்தீகளா? கத்தியா இருந்துச்சு. வெள்ளி மணிப் பேச்சை நான் எடுக்கவே இல்லை, எடுத்திருந்தா நம்மளை அடிச்சிருக்கும்.”

“அப்ப எழுத ஆரம்பிச்சுருங்க.”

அவர் கையை விட்டார். “சொந்தக்காரி. ஒத்தைச் சாட்சி. நிக்காது. சம்பந்தமில்லாத இன்னொரு ஆளு சொல்லணும்.”

அந்த இன்னொரு ஆளுக்காக அவர் மேலும் பல வருடங்கள் கேட்டுக்கொண்டே திரிந்தார். வத்திராயிருப்பு, கான்சாபுரம், ராஜபாளையத்துச் சந்தை என்று போகாத இடமில்லை. கேள்வி மாறவில்லை. வெள்ளி மணியும் மாறவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஒரு மாம்பழ சீசன். மில் விட்டு நான் வெளியே வந்தபோது அவர் எனக்காகக் காத்திருந்தார். இரண்டுபேரும் ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டு பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தோம். பக்கத்துப் பெஞ்சில் ஒரு தோப்புக் குத்தகைக்காரர், கூடை இறக்கிவந்த களைப்பில் கடைக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். பிளவக்கல் பக்கம் தோப்பு எடுத்திருப்பதாகச் சொன்னார். அந்த ஊர் எப்படி என்று கடைக்காரர் கேட்டார்.

“ஊரு நல்ல ஊருதான். ஆனா ஆளுகளை நம்ப முடியாது. அந்தக் காலத்துலயே மலையில இருந்தவுகளைப் பிடிச்சுக் குடுத்த ஊரு அது. ஒரு தப்பால்காரன். அவன் வீடு இப்பவும் இருக்கு.”

அண்ணாச்சியின் டம்ளர் பாதியில் நின்றது. முகம் வெளிறிவிட்டது. அவர் தேடிய ஆள் இதோ இருக்கிறான்; வெளியூர்க்காரன், சொந்தமில்லாதவன், கேட்காமலே சொல்கிறான். ஆனால் அவன் சொல்வதோ மாரியம்மாள் சொன்னதற்கு நேர்மாறு. தன் ஆள் துரோகியாகப் போய்விட்டானே என்றுதான் அந்த நிமிடம் அவர் உடைந்தார் என்று நினைக்கிறேன்.

குத்தகைக்காரர் தொடர்ந்தார். “கம்பெனிக்காரன் அவனுக்கு ஒரு வெள்ளி மணி குடுத்திருக்கான். அதை எங்க பொதைச்சு வச்சிருக்காகளோ!”

நான் அண்ணாச்சியைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

“இதெல்லாம் நெசமாவா?” என்றார் கடைக்காரர்.

“நீங்க ஒண்ணு. கோர்ட்டுல இருந்தே ஒரு அய்யா வருசக்கணக்கா வந்து விசாரிச்சாராம். கறுப்பா, ஒல்லியா, காதுல பென்சில் வச்சிருப்பாராம். எல்லாம் ருசுவோட தெரிஞ்சுதான கேப்பாக?”

அண்ணாச்சி மெதுவாகக் கையை உயர்த்தி, காதிலிருந்த பென்சிலை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டார். அந்தப் பென்சிலை மறுபடி அவர் காதில் நான் பார்க்கவே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புங்கமரத்துக்குப் போனோம். மரத்தில் ஒரு மணிகூட இல்லை. கட்டியவர்களே வந்து அறுத்துக்கொண்டு போயிருந்தார்கள். கிளைகளில் கயிற்றுத் துண்டுகள் மட்டும் தொங்கின. வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் நான்தான் காரணம் கேட்டேன். “காட்டிக்குடுத்த ஆளுகிட்ட பிள்ளை கடுதாசியை எப்படிய்யா ஒப்படைக்க?” என்றாள்.

அதற்கு மறுவருடம் மாரியம்மாள் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வளவைத் தேடிக்கொண்டு வந்தாள். செல்விக்கு ராஜபாளையத்தில் ஒரு இடம் பேசி, பூ வைக்க நாள் பார்த்த பிறகு, மாப்பிள்ளை வீட்டில் பின்வாங்கிவிட்டார்கள். துரோகம் பண்ணிய வம்சத்தில் பெண் எடுக்கமாட்டோம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மதினி உட்காரச் சொன்னாள். அவள் உட்காரவில்லை.

“அன்னைக்கு எந்திரிங்கன்னு சொன்னேன். அதுக்குத்தான் இப்படிச் செஞ்சீகளாய்யா?”

“இல்ல தாயி.”

“பொறவு எதுக்கு?”

நாவல் எழுதுவதற்காக என்று எப்படிச் சொல்வார்? கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டு, “நான் போய்ச் சொல்லுறேன். எல்லாத்தையும் சொல்லுறேன்” என்றார்.

என்னையும் அழைத்துக்கொண்டுதான் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனார். பையனின் பெரியப்பா எங்களைச் சேரில் உட்காரவைத்துக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். மிகவும் மரியாதையான மனிதர். அண்ணாச்சி முதலிலிருந்து கடைசிவரை சொன்னார். தான் கேட்டது வெறும் கேள்வி, அப்படி யாரும் சொல்லவில்லை, வெள்ளி மணி தன் கற்பனை, தப்பால்காரன் எச்சரிக்கப் போய்ச் செத்தவனாகத்தான் இருக்கவேண்டும் என்று சொன்னார்.

பெரியப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார். “அய்யா, நீங்க நல்லவுக. பொம்பளப்பிள்ளை வாழ்க்கைன்னு மனசு இளகி வந்திருக்கீக, தெரியுது. ஆனா ஒண்ணு கேக்கேன். இல்லாத ஒண்ணையா கோர்ட்டு ஆளு இம்புட்டு வருசமா வெயில்ல அலைஞ்சு விசாரிச்சீக?”

எதிரே இருப்பவர் கோபப்பட்டிருந்தால் அண்ணாச்சிக்கு வழி தெரிந்திருக்கும். அவ்வளவு அன்பாகப் பேசும் ஒரு மனிதரிடம் எப்படி வாதாடுவது என்று அவர் கற்றிருக்கவில்லை.

அதன் பிறகு கொஞ்சகாலம், தான் செய்ததைத் தன் கருவியாலேயே திருத்திவிடலாம் என்று பார்த்தார். அதே ஊர்கள், அதே தோப்புகள். “அந்தத் தப்பால்காரர் காட்டிக்குடுக்கலை, காப்பாத்தப் போயித்தான் செத்தாருன்னு சொல்லுறாகளே?” என்று கேட்டுக்கொண்டு போனார். ஆமாம் என்று சொல்லிப் பழகிய அதே ஜனங்கள், அந்த ஒரு கேள்விக்கு மட்டும் திருப்பிக் கேட்டார்கள்.

“யாரு சொல்லுறா?”

ஒரு தோப்பில், நாங்கள் கொஞ்சம் நகர்ந்ததும், “பாவம், அந்த வீட்டுக்காரிக்காக மறைக்காரு” என்று ஒருவன் மற்றவனிடம் சொன்னான். அண்ணாச்சி அங்கேயே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பக்கம் நாங்கள் சேர்ந்து போனது அதுவே கடைசி.

பிறகு அவர் கேள்வி கேட்பதையே விட்டுவிட்டார். குமாஸ்தா வேலையிலிருந்தும் நின்றுகொண்டார். கத்தரிக்காய்க்காரம்மாள் கூடையை இறக்கிவைத்துக் காத்திருப்பாள். அவர் பேசாமல் நாலு காயை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார். “ஏதாச்சும் கேளுமய்யா, ஒரு மாதிரியா இருக்கு” என்று அவள் ஒருநாள் சொன்னாள். மதினி என்னிடம், “கொழம்புல உப்பு இருக்கான்னுகூடக் கேக்க மாட்டேங்காக தம்பி. நான் வேணும்னே போடாம வச்சேன். தின்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டாக” என்று அழுதாள்.

நாவலை இப்போதாவது எழுதுங்கள் என்று நான் ஒருமுறை சொன்னேன். எச்சரிக்கப் போய்ச் செத்தவனாகவே எழுதுங்கள், ஒரு அச்சுப் புத்தகம் சொன்னால் ஊர் நம்பும் என்றேன். கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தவர் துண்டால் துடைத்தபடி நின்றார்.

“அது எழுதி முடிச்சாச்சு தம்பி. ஊரெல்லாம் படிச்சாச்சு.”

தொண்ணூறுகளின் பிற்பாதியில் அவர் இறந்தார். கொஞ்சநாள் காய்ச்சல், மருந்து சாப்பிட்டாரா இல்லையா என்று மதினிக்கே நிச்சயமில்லை. கருமாதி முடிந்த மறுநாள் மாலை, நான் மில்லிலிருந்து திரும்பியபோது வளவு வாசலில் மாரியம்மாள் நின்றிருந்தாள். தலை நன்றாக நரைத்திருந்தது. உள்ளே வரச் சொன்னேன், வேண்டாம் என்றாள். செல்வியைப் பற்றிக் கேட்டேன். ராஜபாளையத்தில் ஒரு மில்லில் வேலை பார்க்கிறாள், இடம் ஒன்றும் அமையவில்லை என்றாள். வெள்ளிக்கிழமை கல்லுக்கு எண்ணெய் தேய்க்கிறீர்களா என்று கேட்டேன். அவள் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிறகு கேட்டாள்.

“அய்யா, நீங்க அவுக கூடவே திரிஞ்சவுக. எங்க பாட்டன்தான் காட்டிக்குடுத்தாகன்னு எல்லாரும் சொல்லுறாகளே, அவுக கடைசியில என்னதான் கண்டுபிடிச்சாக?”

இல்லை தாயி, உங்கள் பாட்டன் காட்டிக்கொடுக்கவில்லை என்றேன். அன்றைக்கு நீங்களே சொன்னீர்களே, பையைப் போட்டுவிட்டு மேலே ஓடினார் என்று, அதுதான் உண்மை என்று அண்ணாச்சி நம்பினார் என்றேன்.

“நானா சொன்னேன்?” என்றாள். யோசித்துப் பார்த்தாள். “எங்க மாமியா சொல்லுவாக. அவுகளும் யாரோ சொல்லக் கேட்டதுதான.”

அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் கோபம் கொஞ்சம்கூட இல்லை.